இருபத்தோரு சனிக்கிழமை நேர்த்தி

என் பிரியமான மதினி ரங்கநாயகிக்கு,

நீ போன இடத்தில் சனிக்கிழமை என்று ஒன்று உண்டா? இங்கே அது தவறாமல் வருகிறது. வந்த உடனே என்னைப் பிடித்துக் காரில் ஏற்றிவிடுகிறார்கள்.

ஆமாம், கார்தான். தளவாய்புரத்தில் என் மகன் கண்ணன் வைத்திருக்கிற நைட்டி தைக்கும் யூனிட் இப்போது நன்றாக ஓடுகிறது. போன தை மாதம் பழைய வண்டி ஒன்று வாங்கினான். வாங்கியதும் அவன் சொன்ன முதல் பேச்சு, "இனிமே நீ பஸ்ஸுல அல்லாட வேண்டாம்மா. ஒன் கோயில் நேர்த்திக்கு வாராவாரம் நானே கூட்டிட்டுப் போறேன்." எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அவன் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டான்.

முதல் மாதமே ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் வண்டி மெதுவாகப் போனபோது நான் பின் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தேன். பால்கோவா கடை வாசலில் கடாயில் கிண்டிக்கொண்டிருந்தார்கள், கை தானாகப் போய்விட்டது. பயந்துபோய் அவன் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டுவிட்டான். சின்னப் பிள்ளைகளுக்காக வைத்த பூட்டாம். வெளியே இருந்துதான் திறக்க முடியும். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு அது வாய்த்திருக்கிறது.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. அடுத்த மாதம் உன் முதல் வருஷ நினைவு. அண்ணன் சிறிதாக ஒரு நினைவு மலர் அச்சடித்துச் சொந்தபந்தத்துக்கும் நாம் வேலை பார்த்த கம்பெனி ஆட்களுக்கும் கொடுக்கப் போகிறார். "தங்கச்சி, அவ இருந்த நேர்த்தியப் பத்தி நீதான் எழுதணும். கூடவே போனவ நீதானே. நாலு பக்கம் எழுதிக் குடு" என்று வீட்டுக்கே வந்து கேட்டார்.

அண்ணன் என்று நான் சொல்வது உன் வீட்டுக்காரரைத்தான். உன் வீட்டில் பேச்சு தெலுங்கு, என் வீட்டில் தமிழ். நான் உன்னை மதினி என்றேன், நீ என்னை வதினா என்றாய், அதனால் அவர் எனக்கு அண்ணன் ஆனார். மற்றபடி நமக்குள் ரத்த சொந்தம் ஒன்றும் கிடையாது. படிக்கிறவர்கள் குழம்பக் கூடாது என்று இதைச் சொல்லிவைக்கிறேன்.

நாலு பக்கம் என்னத்தை எழுத மதினி? இல்லாத நேர்த்தியைப் பற்றி நாலு வரிகூட எழுத முடியாதே.

பேண்டேஜ் கம்பெனியில் மடிப்பு செக்ஷனில் நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். துணிச் சுருள் ஒன்று தரையில் விழுந்தால் மற்றவர்கள் தட்டிவிட்டு மடித்துவிடுவார்கள். நீ மட்டும் தனியே எடுத்து வைத்துவிடுவாய். சூப்பர்வைசர் கத்துவார். "யாரு புண்ணுல போய் உக்காரப் போற துணியோ சார். எம் புள்ள புண்ணா இருந்தா வைப்பேனா?" என்று நீ அவர் முகத்தைப் பார்த்தே சொல்வாய். அப்படிப்பட்ட உன்னைத்தான் நான் ஒரு பொய்யில் கொண்டுபோய் மாட்டிவிட்டேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஷிப்ட் முடியும். நேரே பழைய பஸ் ஸ்டாண்ட், மூணே முக்கால் வண்டி. இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிட்டால் வழியெல்லாம் மலை கூடவே வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, தெருவில் நின்றபடியே கோபுரத்துக்கு ஒரு கும்பிடு. சூடான பால்கோவா ஆளுக்கு நூறு கிராம். பிறகு திருமுக்குளத்துப் படியில் போய் உட்கார்ந்துவிடுவோம். மேலிருந்து நாலாவது படியில் முனை உடைந்த இடம் உன்னுடையது.

தண்ணீர் கிடந்தால் நாலைந்து படி இறங்கிப் போய்க் கால் நனைப்போம், இல்லாவிட்டால் குளத்துக்குள் மேய்கிற ஆட்டைப் பார்ப்போம். பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் வந்து, அதை எங்கே வைத்தாய், இதை எப்போது செய்வாய் என்று கேட்கமாட்டார்கள். அதுதான் ருசி. பால்கோவா அதற்குப் பிறகுதான்.

மூன்று வாரம் யாருக்கும் தெரியாமல் போய் வந்தோம். நாலாவது வாரம் பஸ் ஸ்டாண்டில் அண்ணன் எதிரே வந்து நின்றார். "ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீக?" என்று சும்மாதான் கேட்டார். சந்தேகம்கூட இல்லை.

நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு பொம்பளைகள், பிள்ளை குட்டிக்காரிகள், பட்டப் பகலில் பால்கோவா தின்று குளத்தைப் பார்த்து வரப் போகிறோம் என்று சொல்ல முடியுமா? ஆம்பளை டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அதற்கு டீ குடிப்பது என்று பெயர். பொம்பளை சும்மா உட்கார்ந்தால் அதற்கு நம் ஊரில் பெயரே இல்லை. என் வாய் முந்திக்கொண்டது.

"நேர்த்திண்ணே. இருபத்தோரு சனிக்கிழமை ஆண்டாள் கோயிலுக்கு வாரதா வேண்டிருக்கோம்."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நல்ல காரியம். செத்த இருங்க, சூடா வடை வாங்கியாரேன், தின்னுட்டுப் போங்க" என்றார். டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அவசரத்தில் இரண்டாவது பொய்யும் வந்து விழுந்தது. "வேண்டாம்ணே. விரதம். சாமி கும்பிட்டு வீட்டுக்கு வந்துதான் பச்சத் தண்ணியே."

பஸ்ஸில் நீ என் தொடையில் கிள்ளினது இன்னும் வலிக்கிறது. "ஏட்டி வதினா, பொய்ய நீ சொல்லிட்ட. சொமக்கப் போறது நானுல்லா?" என்றாய். "இருபத்தோரு வாரம்தானே மதினி" என்றேன்.

அன்று சாயங்காலம் நீ வீட்டுக்குப் போனால், கல்யாணமான நாளில் இருந்து வெந்நீர்கூட வைத்தறியாத மனுஷன் அடுப்படியில் நின்று ரவை உப்புமா கிண்டிக்கொண்டிருந்திருக்கிறார். "காலைல இருந்து வயித்தக் காயப் போட்டுருக்க. மொதல்ல சாப்புடு" என்று தட்டை நீட்டியிருக்கிறார். திங்கட்கிழமை மடிப்பு மேசையில் இதை நீ என்னிடம் சொன்னபோது இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். "கட்டி கட்டியா இருந்துச்சு வதினா. அம்புட்டையும் தின்னேன். வயிறு வெடிக்காதது ஆண்டாள் புண்ணியம்" என்றாய்.

இருபத்தொன்று முடிந்தது, ஐம்பத்தொன்று என்றோம். அப்புறம் நூற்றெட்டு. அதற்கு மேல் யாரும் எண்ணிக்கை கேட்கவில்லை. பதினோரு வருஷம் வயிறு நிறைய பால்கோவாவோடு போய் அவர் கிண்டிய உப்புமாவையும் தின்றாய். போகப் போக அதில் கட்டி விழுவது நின்றுவிட்டது, பிறகு முந்திரிப் பருப்புகூட வந்தது என்று நீதான் சொன்னாய்.

பிளவக்கல் அணையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பாய் நீ. "நேர்த்தியில அணைக்கட்டு எப்பிடி மதினி சேரும்?" என்பேன் நான். பொய் நமக்கு ஒரு பஸ்ஸும் ஒரு படியும் கொடுத்தது. அதற்கு அந்தப் பக்கம் போக விடவில்லை. கேலியாகத்தான் பேசிக்கொண்டோம்.

கடைசிச் சனிக்கிழமை குளத்தில் மழைத்தண்ணீர் கிடந்தது. காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டே சொன்னாய், "அவருகிட்ட சொல்லிரணும் வதினா. ஒவ்வொரு வாரமும் அந்தத் தட்ட வாங்கும்போது எனக்குக் கை கூசுது." நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "சொன்னா சனிக்கிழமை போயிரும் மதினி." நீ தண்ணீரில் இருந்து காலை எடுத்துவிட்டாய். புதன்கிழமை நெஞ்சு வலி என்றாய், வியாழக்கிழமை நீ இல்லை.

முப்பதாம் நாள் காரியத்தில் அண்ணன் எல்லாரிடமும் உன் விரதத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் ஒரு மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். துக்கம் தாங்காமல் இருக்கிறேன் என்று பாயாசத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். துக்கமும்தான்.

நீ போன பிறகு நான் இரண்டு மாதம் எங்கேயும் போகவில்லை. கண்ணன் கம்பெனி வேலையும் போதும் என்று நிறுத்திவிட்டான். "ஆனா நேர்த்தி பாதியில நிக்கக் கூடாதும்மா" என்றான். அதற்குத்தான் கார். இப்போது சனிக்கிழமை என்றால் குளித்து, ஈரத் தலையோடு பின் சீட்டில் உட்கார்ந்து, கோயில் வரிசையில் நின்று, கும்பிட்டு, திரும்பவும் அதே சீட்டில் வந்து உட்காருகிறேன். குளத்தைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் அண்ணன் தூக்குவாளியில் உப்புமா கொண்டுவந்து காத்திருக்கிறார். "அவளுக்குச் செஞ்ச கை சும்மா இருக்க மாட்டேங்குது தங்கச்சி" என்கிறார். எப்படி வேண்டாம் என்பேன்?

பதினோரு வருஷம் இல்லாத விரதத்தை இப்போது நிஜமாகவே இருக்கிறேன். வீட்டில் எல்லாரும் பார்க்கிறார்களே. தன்வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்? என்னை மட்டும் சுட்டிருந்தால் நான் பேசாமல் சாகிற வரைக்கும் காரில் போய் வந்திருப்பேன்.

என் மருமகள் சுகன்யாவை உனக்குத் தெரியும், வ. புதுப்பட்டிப் பிள்ளை. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை என்று உள்ளுக்குள்ளே மருகிக்கொண்டிருந்தாள். ஆடி மாதம் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை, ஒங்க நேர்த்திய நானும் எடுத்துக்கிடுதேன். நீங்க இருக்கிற மாதிரியே பச்சத் தண்ணி இல்லாம" என்றாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "தண்ணியாச்சும் குடிம்மா" என்றுதான் சொன்னேன். "இந்த வயசுல நீங்க இருக்கீக, நான் இருக்க மாட்டேனா?" என்று கேட்டுவிட்டாள்.

புரட்டாசி மூன்றாம் சனி, கூட்டம் நெரிகிறது. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு அந்தப் பிள்ளை என் தோளில் சாய்ந்தாள். சாய்கிறாள் என்று நினைத்தேன், சரிந்துவிட்டாள். கல்தரையில் நெற்றி பட்டு ரத்தம். ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணி வைத்துச் சுற்றினார்கள். அது யார் மடித்த துணியோ மதினி. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரு புண்ணுல போய் உக்காரப் போற துணியோ என்று நீ பின்னால் நின்று சொல்வது போலவே இருந்தது.

மறுநாள் அவள் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோயிலும் சாமியும் நிஜம், நேர்த்தியும் விரதமும்தான் என் வாயில் வந்த பொய் என்றேன். கேட்டுவிட்டுச் சிரிப்பாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

"ஆடியில இருந்து நாக்கு வறண்டு கெடந்தேனே அத்தை. ஒரு வாரமாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள், "உப்புமா கொண்டு வார மாமாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க. வேற யாரு வாயி வழியாவும் அவுகளுக்குத் தெரியக் கூடாது."

வியாழக்கிழமை சாயங்காலம் காலித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நேர்த்தின்னு ஒண்ணு கெடையாதுண்ணே."

"முடிஞ்சிருச்சா?" என்றார்.

"ஆரம்பிக்கவே இல்லண்ணே."

பஸ் ஸ்டாண்டில் சொன்னதில் இருந்து குளத்துப் படியில் நீ கடைசியாகச் சொன்னது வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். நீ சொல்ல நினைத்தாய், நான்தான் தடுத்தேன் என்பதை இரண்டு தடவை சொன்னேன். டிவியை நிறுத்தினார். சுவரில் மாலை போட்ட உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார், அழுவார் என்று பார்த்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்போ நான் செஞ்சத அவ பசியில்லாமயா சாப்பிட்டா?"

"ஆமாண்ணே."

"பதினோரு வருசமுமா?"

"ஆமாண்ணே. ஒரு வாரம்கூட மிச்சம் வச்சதில்ல."

என் கையில் இருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அதை நான் கழுவித்தான் கொண்டுபோயிருந்தேன். உள்ளே தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் வெகு நேரம் கேட்டது. போவதா நிற்பதா என்று தெரியாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது அவர் முகம் நனைந்திருந்தது. "கோவமாத்தான் இருக்கு தங்கச்சி. யாரு மேலன்னுதான் தெரியல" என்றார். மலருக்கு வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். "நீ இப்போ சொன்னதையே எழுதிக் குடு. ஒண்ணையும் மாத்தாத" என்றார். நான் தெருவில் இறங்கிய பிறகு பின்னாலேயே வந்து கேட்டார், "அவ எந்தப் படியில உக்காருவா?"

அன்றே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் உனக்குக் கை கூசியிருக்காது. ஆனால் அந்த உப்புமாவும் உனக்குக் கிடைத்திருக்காது. எது சரி மதினி? உனக்கு அங்கே யாராவது சொல்லியிருந்தால் கனவிலாவது வந்து சொல்லு.

கண்ணனிடம் சொன்னதுதான் வேடிக்கை. முழுவதையும் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானம்மா? இனிமே கார்லயே போய் பால்கோவா தின்னுட்டு வருவோம்" என்றான். அண்ணன் உன் படியைப் பார்க்க வர வேண்டும். சுகன்யாவுக்குக் கோபம் தணிந்துவிட்டது, அவளும் வர வேண்டும். பொய்யை உடைத்துவிட்டு நிமிர்ந்தால் மூன்று பேர் காரில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் என் மேல் உள்ள பிரியத்தில்தான் வருகிறார்கள். அன்பாகப் பூட்டினாலும் வெளியே இருந்து திறக்கிற கதவு வெளியே இருந்துதான் திறக்கிறது.

அதனால் நேற்று ஒன்று செய்தேன். "நாளைக்கு நான் தனியாப் போறேன், பஸ்ஸுல" என்றேன். கண்ணன் முகம் வாடிவிட்டது. "ஏம்மா, நாங்க என்ன பண்ணோம்?" என்றான். வழக்கம்போல ஒரு காரணம் நாக்கு நுனிக்கு வந்தது. கால் வலிக்கு நடக்கச் சொன்னார்கள், பஸ்ஸில் ஒருத்தியைப் பார்க்க வேண்டும், என்னென்னவோ. எல்லாவற்றையும் முழுங்கிவிட்டு, "நீங்க ஒண்ணும் பண்ணலப்பா. எனக்குத் தனியாப் போகணும், அம்புட்டுதான்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. சுகன்யாதான், "விடுங்க, அத்தை போய்ட்டு வரட்டும்" என்றாள். நெற்றியில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை, அதோடு எனக்காகப் பேசினாள்.

அடுத்த வாரம் அண்ணனைக் கூட்டிப் போய் உன் படியைக் காட்டுவேன். அதற்கடுத்த வாரம் சுகன்யா என்னைப் பிளவக்கல்லுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறாள், அவள் ஊருக்குப் பக்கம்தானே. உனக்கும் சேர்த்து அணையைப் பார்த்து வருகிறேன். இன்றைக்கு மட்டும் வேறு யாரும் வேண்டாம். மணி இரண்டரை ஆகிறது. சாப்பிட்டுவிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டில் யாராவது எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டால், "பால்கோவா திங்கப் போறேன்" என்று சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், வருகிறது.

இனிமேல் எங்கே போனாலும், எதற்குப் போனாலும், உள்ளதைச் சொல்லிவிட்டுத்தான் போவேன் மதினி. இது உன் மேல் சத்தியம். உன்னைப் போலச் சொல்லாமல் போகமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பொய்யில் மாட்டிவிட்ட உன் வதினா,
செல்லத்தாய்